நான்காவது சுற்று

இன்று காலை கராஜுக்குள் ஒரு டீசல் ஜீப் வந்தது. பொனட்டைத் திறந்ததும் சூடேறிய ரப்பரின் வாடை முகத்தில் அடித்தது. "ஒருக்கா நல்லா இழுக்குது அண்ணை, ஒருக்கா மூச்சு நிண்ட மாதிரிக் கிடக்குது. நிப்பாட்டித் திருப்பி ஸ்டார்ட் பண்ணினாச் சரி" என்றார் கொண்டுவந்தவர். நான் கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். நீ செத்துப்போய் ஒன்பது மாதமாகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இனி எழுதத்தான் முடியும்.

சண்டை நடந்த அந்த வருடங்களில் கொழும்பில், வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் நம் இருவருக்குமாக ஒரு தகரக் கொட்டகை இருந்தது. நீ மலைநாட்டு ஹட்டன், நான் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணம் என்று போட்ட என் அடையாள அட்டையைக் கண்டால் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள். அதனால் திருத்திய வாகனங்களை ஓட்டிப் பார்ப்பது எப்போதும் நீதான். நாம் அதைப் பேசித் தீர்மானித்ததில்லை. நீ சாவியை எடுப்பாய், நான் தகரக் கதவைத் திறந்துவிடுவேன்.

நம்மிடம் ஜீப்பைக் கொண்டுவந்த அந்தப் புடவைக்கடை முதலாளி எங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய ஜீப்புக்கும் இதே வருத்தம்தான், ஓடும்போது மூச்சு நிற்கும். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவையே மாற்றவேண்டும் என்று இரண்டு இடங்களில் சொல்லியிருந்தார்கள். நீ அதற்குள் இருக்கும் சிறு சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "டர்போ தங்கமா சுத்துது. காத்துதான் எங்கயோ அடைபடுது. நிக்கிற வண்டியில இது தெரியாதுடா, ஓட்டித்தான் புடிக்கணும்."

எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயிலிருந்து ஒரு நீண்ட டியூப்பை இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, அதன் முனையில் அமுக்கம் காட்டும் கேஜை மாட்டி டேஷ்போர்டில் ஒட்டினாய். ஒருவர் ஓட்ட, ஒருவர் முள்ளைப் பார்க்கவேண்டிய வேலை அது.

"நானும் வரட்டோ?"

"நீ இரு. ஒன்ன எறக்கி வச்சுட்டானுகன்னா வேல கெட்டுரும்."

இருந்துவிட்டேன்.

காலிக்குப் போகும் பெரிய வீதியில் மூன்று சுற்று. ஒவ்வொரு முறையும் வாசலில் நிறுத்தி ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு மறுபடி போனாய். அதே வீதி, அதே சாவடி, அதே பின்னேரம். நான்காவது சுற்றுக்குப் போன நீ திரும்பவில்லை. சந்தியில் நிற்கும் திரீவீல்காரர் ஓடிவந்து சிங்களத்தில் சொன்னார்: வாகனம் திரும்பத் திரும்பப் போவதைக் கண்டு மறித்தார்களாம், டியூப்பையும் கேஜையும் பார்த்துக் குண்டு என்று நினைத்துவிட்டார்களாம்.

நான் போய், "அது காற்று அளக்கிற கேஜ், நாங்கள் கராஜ்காரர்" என்று சொல்லியிருக்கவேண்டும். சாவடி நடக்கிற தூரம்தான். நான் முதலாளியின் வீட்டுக்கு ஓடினேன்.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் விட்டிடுவாங்கள் ஐயா."

"என்ர பேரை இதுக்குள்ள இழுக்காதையும். எனக்குப் பிள்ளையள் இருக்கு." கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் உன்னை வைத்திருந்த பொலிஸ் நிலையத்தின் வாசல்வரை போனேன். காவலுக்கு நின்றவன் யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டான். உன் பெயர் வாய்வரை வந்தது. பஸ் நிற்கும் இடம் எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். மூன்றாம் நாள் ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போனபோது உன்னை வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

ஜீப் இரண்டு வாரத்தில் பொலிசிலிருந்து வெளியே வந்தது. அதற்கு மட்டும் முதலாளி பத்திரங்களோடு தானே பொலிசுக்குப் போனார். நேரே என்னிடம் கொண்டுவந்து, "தொடங்கின வேலையை முடிச்சுத் தாரும்" என்றார். முடித்துக் கொடுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். உன் தாள் இருக்கைக்கடியில் கிடந்தது: 'சூடேறினா முள்ளு விழுது. ஏர் பில்டர் பக்கத்து ஹோஸ் கழட்டிப் பார்க்கணும்.' கழற்றினேன். வெளியே புதிதுபோல் இருந்த அந்த ரப்பர்க் குழாயின் உட்தோல் உரிந்து தொங்கியது. சூட்டில் இளகி, உறிஞ்சும்போது வழியை அடைக்கும்; ஆறியதும் பழையபடி ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிட வேலை.

நீ ஏழு மாதம் கழித்து வந்தாய். வலக்கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

"அந்த ஜீப்புக்கு என்னடா?"

"ஹோஸ்."

"நான் சொல்லல?" என்று சிரித்தாய். வேறொன்றும் கேட்கவில்லை. ஸ்பனர் பிடிக்க முடியாத கையோடு ஹெந்தளையில் உன் தங்கச்சி வீட்டுக்குப் போனாய். கோபித்திருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி அழுதிருப்பேன். பெருநாளுக்குப் பெருநாள் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

உன் செத்தவீட்டில் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொலிஸ்ல இருந்தப்ப ஜன்னல் வழியா அவரு ஒங்களக் கண்டாராம் அண்ணே. வாசல்கிட்ட நின்னீங்களாம். 'எனக்காக வந்தான், உள்ள விட்டிருக்கமாட்டானுக'ன்னு சாகுறவரைக்கும் சொல்லுவாரு. விடலதானேண்ணே?"

பெட்டிக்குள் நீ கிடந்தாய். நான் "ஓம், விடேல்லை" என்றேன்.