ஓரடி தூரம்

என் ஜோடிக்கு,

இதை உன் கோல்ஃப் பையில் வைக்கிறேன். நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய்.

குளிர்காலம் முழுக்க நான் கூடத்தில் துணிக்கூடையைக் குழியாக வைத்து, பந்தைக் கிட்டத்திலிருந்து தூக்கிப்போடும் சிப் ஷாட் பழகினேன். எடையை இடது காலில் வைத்து, மணிக்கட்டை மடக்காமல், பந்தை மெல்லத் தூக்கிவிடக் கற்றேன். எதற்கென்று நீ கேட்கவில்லை. ஒரே பந்தை நாம் மாறி மாறி அடிக்கும் ஆட்டத்தில், என் பந்து குழியை ஒட்டி நின்றால் உன் கைக்கு ஒரு சின்னத் தட்டுதான் மிச்சம்.

நேற்று கடைசிக் குழியில் என் பந்து ஓரடி தூரத்தில் நின்றது. நீ குனிந்தாய். உன் வலது கை ஆடியது. பந்து குழியைத் தாண்டி ஓடியது.

எதிர் ஜோடியில் ஆடிய மர்டோ சிரித்தான். "ஏன்யா, பொண்டாட்டி வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டும் உள்ள போகத் தெரியலையா?"

நீயும் சிரித்தாய். பிறகு என்னிடம் மெதுவாக, "மன்னிச்சுக்கோ" என்றாய்.

மணமான புதிதில் நான் பந்தை மணல் பள்ளத்தில் போட்டுவிட்டு அழுதபோது, "ஜோடியா ஆடுறவங்க மன்னிப்புக் கேக்கக் கூடாதுடி, அதான் நம்ம ஊரு வழக்கம்" என்றவன் நீ. அதன்பின் நாம் இருவருமே கேட்டதில்லை.

வியாழக்கிழமை உன் கையைக் காட்ட டண்டீ நகரத்து டாக்டரிடம் போகிறோம். அவர் சொல்லப்போவதை நீ நேற்றே அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டாய்.

இன்று காலை நான் அடித்த பந்துகள் எல்லாம் கூடைக்குள் விழுந்தன. ஓரடியே உனக்குத் தூரமென்றால், இனி நான் எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

உன் ஜோடி