ஹாட்லி எந்த ஊர்?

ஸ்காபரோ
ஜூன் 9

அன்புள்ள மகள் கௌசிக்கு,

நான் நல்ல சுகம், முழங்கால் மட்டும் என்னோடு கோபம். நீயும் சைமனும் லீட்ஸில் சுகமாக இருக்க முருகன் துணை நிற்பான். இனிச் செய்திக்கு வருகிறேன். பெரியமாமா உனக்குத் தாரை வார்க்க வருகிறார். ஓம் பிள்ளை, மாமியும் வருகிறா. நான் வென்றுவிட்டேன்! இதைப் பேனையால் எழுதினால்தான் ஆசை தீரும் என்று போனில் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு உன் கையைப் பிடித்துக் கொடுக்க என் அண்ணனை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள். வேறு தம்பதியும் செய்யலாம் என்று ஐயர் சொன்னார், நீதான் மாமா இல்லாவிட்டால் மணவறையில் இருக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாய். அவரோ மாப்பிள்ளை பெயர் சைமன் என்று கேட்டதும் ஊர் பேர் தெரியாத இடத்துக்குத் தாரை வார்க்கமாட்டேன் என்று போனை வைத்தவர், மூன்று மாதமாக எடுக்கவேயில்லை. வெள்ளைக்காரன் என்பதில்லை அவருடைய பிரச்சினை, எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை என்பதுதான். மனுசன் ஊசி போட வருகிற நேர்ஸிடமும் ஊரைக் கேட்டுவிட்டுத்தானே கையை நீட்டுவார். சாப்பாடும் இறங்காமல் நான் பட்ட பாட்டை உனக்குச் சொல்லவில்லை.

கலியாணக் கார்ட் அடிக்கிற அன்ரனெற்றிடம் நான் விட்ட பிழைதான் கடைசியில் எனக்குக் கைகொடுத்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் திரு. ஹாட்லி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயருக்குப் பின்னால் சண்முகலிங்கம் என்று அப்பா இருக்கிறார், அப்படியென்றால் சைமன் ஹாட்லிக்குப் பின்னால் அவனுடைய அப்பா என்றுதானே எங்கள் ஆட்கள் நினைப்போம். பருத்தித்துறையில் மாமா படித்த ஹாட்லிக் கல்லூரியின் பெயரை வெள்ளைக்காரர் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்களே என்று பெருமை வேறு. தகப்பன் பெயர் கிளிபோட், ஹாட்லி குடும்பப் பெயர், பாட்டன் பூட்டனும் ஹாட்லிதான் என்று நீ சொல்லிச் சிரித்தாய். அதைத் திருத்தினால், தகப்பன் பெயருக்குக் கீழே ஊர் போடுகிற வரியை வெறுமையாக விடவா என்று அன்ரனெற் கேட்டா. எனக்கு ரோசம் வந்துவிட்டது. அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று பார்க்க நேரே பஸ் பிடித்து லைப்ரரிக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற அட்சயா என்ற பிள்ளை பெயர்களுக்குக் கருத்துச் சொல்கிற ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ஹாட்லி என்பது முதலில் ஊர்ப் பெயராம். மான் நிற்கிற காட்டுவெளி என்று கருத்தாம், இங்கிலாந்தில் அந்தப் பெயரில் பல ஊர்கள் இருக்கின்றனவாம். அந்த ஊரை விட்டு வேறிடம் போனவனை அங்குள்ளவர்கள் ஹாட்லிக்காரன் என்று கூப்பிட, அது பிள்ளை குட்டிகளுக்கும் ஒட்டிக்கொண்டதாம். எங்கள் கட்டடத்தில் மூன்று யோகராணி இருக்க, என்னை ஊரோடு சேர்த்துப் புலோலி யோகராணி என்று கூப்பிடுகிற மாதிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அஜக்ஸில் இருக்கிற மாமா வீட்டுக்கு ரெயின் ஏறினேன். மாமா பழைய மாணவர் சங்கத்துத் தொப்பியோடு புல்லு வெட்டிக்கொண்டு நின்றார், என்னைக் கண்டும் மெசினை நிற்பாட்டவில்லை. நான் போய் வயரைப் பிடுங்கிவிட்டேன். மாப்பிள்ளையின் முழுப் பெயரையும் புத்தகத்தில் இருந்ததையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுக் கேட்டேன், “அண்ணை, அறுபது வருசமா நான் ஹாட்லி, நான் ஹாட்லி எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியிறியள். அது எந்த ஊர் எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ? கேக்காமல்தானே தலையிலை வைச்சிருக்கிறியள். பெடியனிட்டை மட்டும் ஏன் கேக்கிறியள்?”

மாமா தொப்பியைக் கழற்றி அதிலிருந்த ஹாட்லி என்ற எழுத்தைப் பார்த்தார். அது ஒரு மிஷன்காரரின் பெயர் என்று மட்டும்தான் தனக்குத் தெரியும் என்றார். மாமி வாசலில் நின்று சிரித்தா. மாமா தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டு, “சண்முகலிங்கம் நிண்டிருக்க வேண்டிய இடம். நான் நிப்பன்” என்றார். நான் அந்தப் புல்லிலேயே குந்தியிருந்து அழுதுவிட்டேன் பிள்ளை. இப்போது சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் போன் எடுத்து எங்கள் மருமகனும் ஹாட்லி என்று சொல்லித் திரிகிறாராம்.

கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுவதென்றால் அப்பாவைக் கழற்றாதே, ஹாட்லி அவருக்குப் பின்னால் வரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் கிளிபோட்டிடம் அவர்கள் எந்த ஹாட்லி என்று கேட்டுச் சொல், அன்ரனெற் அந்த வரிக்காகக் காத்திருக்கிறா. அவருக்கே தெரியாவிட்டால் என்ன செய்வது என்று மாமாவிடம் கேட்டேன். வெறும் ஹாட்லி என்றே போடட்டாம், அந்த ஊரைத் தனக்குத் தெரியுமாம்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
புலோலி யோகராணி