நெளியும் கதவுச் சட்டம்

தான்யாங்,
மார்ச் 9

அன்பு மகன் யீச்சுவானுக்கு, அம்மா எழுதுவது.

என் வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. போய் மூன்று மாதம் ஆகிறது. புத்தாண்டுக்குப் பேசியபோது உன்னிடம் மறைத்தேன். நேற்று போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீயோ, "லென்ஸ்தாம்மா கோளாறு, எனக்கு இருபத்தெட்டு வயசு, கண்ணுல என்ன வரப்போகுது" என்று சிரித்து வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதம், நமக்கு லென்ஸ் அரைத்துத் தரும் பியன் கையிலேயே வருகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுதும் சொல்லை வலது கண்ணால் நேராகப் பார்த்தால் அந்தச் சொல் மட்டும் மறைந்து, சுற்றியுள்ள தாள்தான் தெரிகிறது.

நீ கேட்ட புதுக் கண்ணாடியை நான் அனுப்பவில்லை. இருபத்தாறு வருஷமாக லென்ஸ் விற்கிறேன். கேட்டவருக்கு இல்லை என்றது இதுதான் முதல் தடவை. அங்கே உன் கடைக் கதவுச் சட்டம் நடுவில் நெளிகிறது, இடது லென்ஸைக் கோணலாக அரைத்திருக்கிறார்கள், வேறு அரைத்து அனுப்பு என்றாய். நவம்பரில் நானும் இதையேதான் சொன்னேன்.

அப்போது நம் கடை அலமாரித் தட்டுகள் வலது கண்ணுக்கு அலை அலையாகத் தெரிந்தன. வேறு யாராக இருந்தாலும் கண்ணைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் வியாபாரி, லென்ஸைச் சந்தேகப்பட்டேன். பியனை மூன்று தடவை அரைக்க வைத்தேன். மூன்றாவது தடவை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "உனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, இனிமே உன் சரக்கு எனக்கு வேண்டாம்" என்றேன். அவன் லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, பழைய கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்த ஜன்னல் கம்பியப் பாருங்க. அதுலயும் நெளிஞ்சா கோளாறு என் சக்கரத்துல இல்ல" என்றான். எனக்கா பாடம் சொல்கிறாய் என்று அவனை வெளியே அனுப்பினேன். பழைய கண்ணாடி இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துப் போட அரை நிமிஷம் ஆகியிருக்காது. நாற்பது நாள் போடவில்லை.

நாற்பதாவது நாள் காலையில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தேன். இடது கண்ணைத் தேய்த்துக்கொண்டே வலது கண்ணால் பார்த்தால், எதிரே உன் அப்பாவின் முகம் இருந்த இடத்தில் கறுப்புக் கறை. காது தெரிந்தது, தொப்பி தெரிந்தது. "முப்பது வருஷமா பாத்த மூஞ்சிதானே, விடு" என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது ஸ்கூட்டர் சாவியை இரண்டு தடவை கீழே போட்டார்.

டாக்டர் ரோங் கண்ணுக்குள் படமெடுத்துக் காட்டினார். என் கண்ணின் ஆயிரத்து முந்நூறு டிகிரி, அதாவது மைனஸ் பதின்மூன்று, என்பது நாம் பெட்டியில் எழுதும் லென்ஸ் நம்பர் மட்டும் இல்லையாம். கண்ணே பின்பக்கமாக நீண்டுபோயிருக்கிறது. நூடுல்ஸ் மாவை இழுக்க இழுக்க மெலிவதுபோல உள்ளே இருக்கும் திரை மெலிகிறது. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களும் இழுபட்டுச் சன்னமாகி விறைத்துப்போகின்றன. அடியில் விரிசல் விட்டால் அதன் வழியே புதுக் குழாய் முளைக்கும். புதுசு வந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். "அவசரத்துல கட்டின சுவரும்மா அது. ஒழுகும், உடையும்" என்றார். ஒழுகும்போது நேர்கோடு நெளியும். உடைந்தால் ரத்தம் கட்டும். கடைசியில் தழும்பாகிவிட்டால் பார்வை திரும்பாது. நெளிய ஆரம்பித்ததுமே கண்ணுக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் நிறுத்திவிடலாமாம். எனக்குப் போட்ட ஊசி கறை பரவாமல் நிறுத்தியது. போனதைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு கண்ணுக்கும் வரலாம் என்றார். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குளியலறை ஓடுகளின் கோடுகளைப் பார்க்கிறேன். இன்றுவரை நேராக இருக்கின்றன.

உன் கண்ணும் ஆயிரத்து முந்நூறு. என்னிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் பலகை தெரியவில்லை என்று நீ வரும்போதெல்லாம் நம்பரை ஏற்றி, மெல்லிய லென்ஸாகப் போட்டு, பார்க்க அழகாக இருக்கிறது என்று அனுப்பினேன். கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு டாக்டரிடமும் காட்டவில்லை.

இதைப் படித்து முடித்ததும் பழைய கண்ணாடியைப் போடு. வலது கண்ணை மூடிக்கொண்டு கதவுச் சட்டத்தைப் பார். பியன் பக்கத்தில் நிற்பான், அவனிடம் பொய் சொல்லாதே. நெளிந்தால் அன்றைக்கே ரயில் ஏறு. வண்டியை நீ ஓட்டாதே. வழியில் ஷீனிங் நகரத்தில் இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு. ஊசி போட வேண்டும் என்றால் அங்கேயே போட்டுக்கொள், என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. பிறகு இங்கே வா. டாக்டர் ரோங்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடையை யார் பார்ப்பது என்று கேட்பாய். நேற்று சாயங்காலம் பியன் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றேன். "மன்னிப்ப எடை போட்டு விக்க முடியாது அக்கா, கூலியப் பேசுங்க" என்றான். பேசினோம். நீ திரும்பும்வரை அங்கே உன் கடையை அவன் பார்த்துக்கொள்வான்.

நீ நேராகப் பார்த்து நடக்க வேண்டும், மகனே. அம்மா வேறொன்றும் கேட்கவில்லை.

பியனுக்கு மாதம் ஆறாயிரம் யுவான், போகவரச் செலவு நம்முடையது, கணப்பு வைத்த அறை, வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்டுக்கறி. ஒப்பந்தத் தாளில் எத்தனை மாதம் என்ற இடத்தை மட்டும் இருவரும் எழுதாமல் விட்டிருக்கிறோம்.

உன் அம்மா,
லிங்ஃபங்