கறுப்புத் தாளில் ஒரு பல்பு

காரைக்கால்
4.9.2025

என் அருமைத் தம்பி சஃபியுல்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் லாத்தா கமருன்னிசா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர. மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? பக்கத்து வீட்டு நசீம் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான். அவனிடம் இறால் ஊறுகாயும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். போனில் நீ "எல்லாரும் சுகமா" என்று கேட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

என் மகள் அர்ஷியாவின் நிக்காஹ் ஜனவரி பதினொன்றாம் தேதி. உன் மருமகள் கல்யாணத்துக்காவது வருவாயா?

கல்யாணத்துக்காக வெள்ளை அடிக்கிறோம். பரண் மேலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. வாப்பா ஜித்தாவிலிருந்து உனக்குக் கொண்டுவந்த வெளக்குப் பெட்டி. முன்பக்கம் பொடிப்பொடி ஓட்டைகள், அதன் மேல் கறுப்புத் தாள், குத்துவதற்குக் கலர் குச்சிகள், உள்ளே ஒரு பல்பு. அந்தக் குச்சிகள் இன்னும் கண்ணாடிக் கல்போலப் பளபளவென்று இருக்கின்றன.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நான் முப்பத்தொரு வருஷம் ஆறவிட்ட விஷயத்தை இப்போது சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. ஜித்தா சாமான் எல்லாம் 110 கரண்டு, நம்ம ஊர் 220-ஐக் குறைக்கிற டப்பா வாங்கி வரும்வரை யாரும் சொருகக் கூடாது என்று வாப்பா சொல்லியிருந்தார்கள். நீ இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு மயில் குத்தினாய். அதைக் காட்டக் கூட்டாளிகளைக் கூப்பிட ஓடினாய். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

நான்தான் சொருகினேன், சபி.

ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் உன் மயில் முழுசாக எரிந்தது. பச்சையும் நீலமுமாகத் தோகை சுவர்வரை விரிந்த மாதிரி இருந்தது. பிறகு எவ்வளவோ தர்கா கந்தூரி விளக்கும் கல்யாண விளக்கும் பார்த்துவிட்டேன், அந்த வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. பல்பு வெடித்தது. நான் கொல்லைக்கு ஓடிவிட்டேன். நீ வந்து வயரைப் பிடுங்கும்போது உம்மா பார்த்தார்கள். அடி உனக்கு விழுந்தது. "நான் இல்லைம்மா" என்று நீ கத்தியதைக் கொல்லையில் நின்று கேட்டேன்.

நீ குத்திய மயில், எரிந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்பாயா?

உன் லாத்தா,
கமரு

*

மஸ்கட்
2.10.2025

கமருன்னிசா லாத்தாவுக்கு,

ஸலாம். கடிதமும் ஊறுகாயும் கிடைத்தன.

பல்பைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது. இருபது வருஷமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். 110 பல்பை 220-இல் போட்டால் யார் போட்டாலும் வெடிக்கும். அடியும் மறந்துவிட்டது.

மறக்காதது மறுநாள். அன்று ராத்திரி முழுக்க வாப்பா என்னோடு பேசவில்லை. காலையில் நான் பயந்துகொண்டு சலாம் சொல்லாமல் ஸ்கூலுக்குப் போனேன். மத்தியான பஸ்ஸில் அவர்கள் ஜித்தா பிளேன் பிடிக்க மெட்ராசுக்குக் கிளம்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுவரை ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது. எட்டு மாதத்தில் ஜித்தாவிலிருந்து அவர்கள் மவுத் செய்தி வந்தது, அங்கேயே அடக்கினார்கள். வாப்பா என் மேல் கோபத்தோடு போனார்கள் என்றுதான் இன்றுவரை வாழ்ந்திருக்கிறேன். அந்த எட்டு மாதத்தில் நீ வாப்பாவுக்கு உண்மையை ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

அர்ஷியாவுக்கு என் துஆ. நான் வரவில்லை. அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடு.

சஃபியுல்லா

*

காரைக்கால்
19.10.2025

சபி,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீ சொன்னது அத்தனையும் சரி. சரி, தம்பி சொன்ன ஒன்றையாவது செய்வோம் என்று இன்று இரும்புக்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து கறுப்புத் தாள்கள் விழுந்தன. எல்லாம் புதுசு. ஒன்றில் மட்டும் ஓட்டைகள். வீணாய்ப்போன தாள் என்று கசக்கப் போனேன்.

மூன்று நாள் மழை விட்டு அப்போதுதான் வெயில் அடித்தது. அர்ஷியா தாளை என் கையிலிருந்து வாங்கி ஜன்னலில் பிடித்தாள். "உம்மா, சுவத்தைப் பாருங்க" என்றாள்.

எப்படிச் சொல்வேன். புது வெள்ளை அடித்த சுவரில், புள்ளி புள்ளியாக, ஒரு பல்பு எரிந்தது. சுற்றிலும் கதிர்கள். பல்புக்குள் 110. அதற்குக் கீழே, வாப்பா எழுதுகிற கோணல் எழுத்தில், "சபி".

சுபுஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். இரும்புக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தார்.

பிறகுதான் உம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. கடைசி நாள் காலையில், நாம் ஸ்கூலுக்குப் போன பிறகு, வாப்பா கஞ்சியை ஆறவிட்டு ஜன்னலோரம் குனிந்தே உட்கார்ந்திருந்தார்களாம். அடுத்த தடவை கொண்டுவர வேண்டிய சாமானுக்கு லிஸ்ட் போடுகிறார்கள் என்று உம்மா நினைத்தார்களாம். லிஸ்ட்தான் போட்டிருக்கிறார்கள், தம்பி. ஒரே ஒரு சாமான். உனக்குத் தெரியட்டும் என்று பெட்டிக்குள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். இனி யாரும் தொடக் கூடாது என்று உம்மா கோபத்தில் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

வாப்பா கோபத்தோடு போகவில்லை. வெட்கப்பட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைக்கு எரியாத விளக்கைக் கொண்டுவந்து விட்டோமே என்று.

அதில் என் பெயர் இல்லை. இருக்கவும் கூடாது.

தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்புகிறேன். வெயிலில் பிடித்துப் பார். கல்யாணத்துக்கு வா என்று இனிக் கேட்க மாட்டேன். பெட்டியை இரும்புக்காரர் தானே பரண் மேல் ஏற்றிவைத்துவிட்டுப் போனார்.

கமரு

*

மஸ்கட்
23.11.2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் முதல் கடிதத்து ஸலாத்துக்கு இப்போதுதான் மனதார பதில் சொல்கிறேன்.

தாள் வந்து மூன்று வாரம் ஆகிறது. என் அறை ஜன்னல் மேற்குப் பக்கம். கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் என் கட்டிலுக்கு மேலே சுவரில் எரிகிறது. மெதுவாக நகர்ந்து, கதவுவரை போய், மக்ரிபுக்கு வெயிலோடு அணைகிறது. பத்து மாடிக் கட்டடங்களுக்கு லைட் போட்டவன் நான். வயர் இல்லாமல், ஆள் இல்லாமல், முப்பத்தொரு வருஷம் கழித்து ஒரு பல்பு எரிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். என் பெயர் என் கைமேல் விழுந்தது. அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

உன் மேல் கோபம் போய்விட்டது என்றால் அது பொய். பாதி இருக்கிறது. அதை நேரில் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

ஜனவரி ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பழைய சாமான் விற்கும் தெருவில் மூன்று வெள்ளிக்கிழமை அலைந்து ஒரு 110 பல்பு பிடித்திருக்கிறேன். டப்பாவை நானே செய்துவிட்டேன். குச்சிகளைக் கழுவி வைக்கச் சொல் அர்ஷியாவை. மயிலை நான் குத்துகிறேன்.

சுவிட்சை நீ போடு. இந்தத் தடவை நான் பக்கத்தில் இருப்பேன்.

உன் தம்பி,
சபி