உறைய வைக்க என் சம்மதம்

நன்னிலம்

அன்பு மகள் வானதிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நடவும் மாடுகளும் நலம். நாங்கள் இரண்டு பேரும் நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல்லு.

வியாழக்கிழமை தஞ்சாவூரில் உன் அப்பாவுக்கு இதய ஆபரேஷன். அதில் ஏதாவது ஆகிவிட்டால் உடம்பை நீ வேலை பார்க்கிற கம்பெனிக்காரர்கள் உறைய வைத்து அங்கே அமெரிக்காவுக்கே கொண்டுவருவார்களாம், நூறு வருஷம் கழித்து எழுப்புவார்களாம், அதற்கு என் சம்மதம் வேண்டும் என்று நேற்றுப் போனில் கேட்டாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பெண் கேட்கிற கேள்வியாடி இது? பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறேன்.

உன் அப்பாவோ துள்ளுகிறார். அறுபத்தொன்பதாம் வருஷம் வீட்டை விட்டு ஓடி, கோடியக்கரையில் சடைமுடி வெள்ளைக்காரர்களோடு கிட்டாரும் கஞ்சாவுமாகக் கிடந்தாரே, சொத்து வேண்டாம், சாதி வேண்டாம், உடம்பு ஒரு கூண்டு, மனசுக்கு எல்லையில்லை என்று. இப்போது, நாங்க புகையில தேடினதை என் பொண்ணு மெஷின்ல கண்டுபிடிச்சுட்டா, மனுஷன் மனுஷனைத் தாண்டிப் போகப்போறான் என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தச் சடைமுடிக்காரர்கள் ‘நான்’ என்பதையே விட்டுத்தொலை என்றார்கள், நீயும் உன் கம்பெனியும் அந்த ‘நானை’ விடாமல் பிடித்து வை என்கிறீர்கள். வயதாவதும் சாவதும் மற்றவர்களுக்குத்தான் என்ற நினைப்பு மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்று.

சரி, இதற்குப் பதில் சொல்லு. ஐஸில் கிடப்பவர் இருக்கிறவரா, போனவரா? நான் தாலியோடு இருப்பதா, கழற்றுவதா? அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைப்பதா, வேண்டாமா? அவரிடமே கேட்டேன், சிரித்தார். எழுந்திருக்கும்போது நானும் இருக்க மாட்டேன், உங்க பொண்ணும் இருக்க மாட்டாள், யாருக்காக எழுந்திருக்கப் போறீங்க என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்திருக்கிறது கிடக்கட்டும் அகிலா, ஐஸ்ல வெச்சா அவ ஊர்லதானே வெப்பாங்க, ஆபீஸ் போற வழியில எட்டிப் பார்ப்பால்ல என்றார். நீ இங்கே வந்து ஆறு வருஷமாகிறது வானதி. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

என் சம்மதம் கிடையாது. ஐஸ்பெட்டி வேண்டாம், நீ வா. பிழைத்துக்கொண்டால் மூன்று பேரும் உட்கார்ந்து சண்டை போடலாம். இல்லையென்றால் காவிரியில் கரைக்க உன் கை வேண்டும்.

மகமாயி உன்னைக் காப்பாற்றுவாள். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே, நீ புறப்பட்டுவிட்டாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா
அகிலாண்டம்