உருகிய எண்ணெயும் ஒரு டிபன் பாக்ஸும்

ஏ.எஸ்.ராவ் நகர்,
24 நவம்பர் 2024

கோபத்திலும் என்னை மறக்காத உங்களுக்கு,

நானும் வீடும் சௌக்கியம். அங்கே நீங்கள், நம் பிள்ளை கிரி, மருமகள் பூர்ணா, பேத்தி எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே புகுந்து விடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் காகிதம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படியுங்கள்.

நாச்சாரம் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கப் போகிறேன் என்றதும் சிரித்தீர்கள். பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாக இரண்டு மாதம்தானே என்றீர்கள். இப்போது கேளுங்கள். திடம், திரவம், வாயு என்று பலகையில் எழுதிப் போட்டேன். வகுப்பே கொட்டாவி விட்டது. மறுநாள் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். "நீங்கதான் துகள்கள். தோளோடு தோள் ஒட்டி நில்லுங்க, இது திடம்" என்றேன். பிறகு இடம் மாறி மாறி நழுவச் சொன்னேன், அது திரவம். "இப்போ வாயு!" என்றதுதான் தாமதம், மூலைக்கு ஒருவராக ஓடிவிட்டார்கள். ஸ்ரீஜா என்று ஒரு வாலு கேட்டைத் தாண்டியே போய்விட்டாள். வாட்ச்மேன் பிடித்து வந்தால், "மிஸ், கேஸ் கூ கேட் நக்கோ!" என்கிறாள். வாயுவுக்குக் கேட் வேண்டாமாம்! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

லீவில் போன டீச்சர் திரும்பி வரப்போவதில்லையாம். ஆனால் நோட்டில் ஒன்றுமே எழுதுவதில்லை என்று சில பெற்றோர் புகார் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பர் 14, சனிக்கிழமை, பெற்றோர் முன்னிலையில் நான் பாடம் எடுக்க வேண்டும். அது சரியாக அமைந்தால் வேலை எனக்கே என்று பிரின்சிபால் ஜுலைகா மேடம் சொல்லிவிட்டார்.

உங்கள்
மங்களம்


மினியாபோலிஸ்,
27 நவம்பர் 2024

சௌபாக்கியவதி மங்களத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளிர்தான் எலும்பு வரை போகிறது.

உன் காகிதம் பார்த்தேன். குழந்தைகளை ஓடவிடுவதற்குப் பெயர் பாடமா? முப்பத்தைந்து வருஷம் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேனே, ஒரு நாளாவது ஓடியிருக்கிறேனா? விளையாடினது போதும். டிசம்பர் 20ஆம் தேதிக்கு உன் டிக்கெட்டைக் கிரி போட்டுவிட்டான். பூர்ணா ரசம் நன்றாகத்தான் வைக்கிறாள். இருந்தாலும் நீ வந்து சேர்.

உன்
வரதராஜன்


ஏ.எஸ்.ராவ் நகர்,
8 டிசம்பர் 2024

அவசரக்கார உங்களுக்கு,

டிக்கெட் போடுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? பேத்தியைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்கு இந்த வேலை வேண்டும். இதைவிடப் பச்சையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சொதப்பினால் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறுகிறேன். நன்றாக அமைந்தால் இங்கேதான் இருப்பேன். ஐஸ், தண்ணீர், ஆவி எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறேன். குளிர்காலம் வந்தால் நீங்கள் தினமும் திட்டிக்கொண்டே தட்டுவீர்களே, அதே பாட்டில்தான்.

மங்களம்


ஏ.எஸ்.ராவ் நகர்,
14 டிசம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. கவிழ்த்தாலும் அசையவில்லை. பத்திரமாகப் பையில் வைத்தேன். அதே பையில், ஆவி பறக்கப் பறக்க ரசம் சாதம் அடைத்த டிபன் பாக்ஸையும் வைத்தேன். பி.எஸ்.சி. படித்த மூளை!

பின் வரிசை முழுக்கப் பெற்றோர். ஐஸும் ஆவியும் அமர்க்களமாகப் போயின. "எண்ணெய் எப்பவும் திரவமா?" என்று கேட்டுவிட்டுப் பெருமையோடு பாட்டிலை எடுத்தேன். உள்ளே எண்ணெய் தளும்பியது. ஒரு அப்பா சிரித்தே விட்டார். அடுத்து ஏர்போர்ட்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு வழி தெரியாமல் உள்ளதைச் சொன்னேன். "வீட்ல இது கட்டியா இருந்துச்சு. வழியில என்ன ஆச்சு? கண்டுபிடிங்க." அவ்வளவுதான், பாய்ந்து வந்து பையைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். ஹர்ஷா டிபன் பாக்ஸைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், மீ பாக்ஸே தொங்கா!" என்று தெலுங்கில் கத்தினான். என் பாக்ஸ்தான் திருடனாம். யாரும் சொல்லாமலே ஸ்ரீஜா பாட்டிலை ஐஸ் பாத்திரத்தில் அமிழ்த்தினாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். முதலில் ஓரத்தில் கலங்கியது, பிறகு வெள்ளை படர்ந்தது. "வச்சிந்தி! வச்சிந்தி!" வந்துவிட்டதாம், ஒரே கூச்சல். சிரித்த அப்பாவும் எழுந்து முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

நான் பாடமே எடுக்கவில்லை. அவர்களே எடுத்துவிட்டார்கள். அவர்கள் என் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

வேலை எனக்கே. 20ஆம் தேதி நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மங்களம்


மினியாபோலிஸ்,
15 டிசம்பர் 2024

மங்களம் டீச்சருக்கு,

சாப்பிட்டாயிற்று. கோபம் வரவில்லை.

உன் காகிதத்தைக் கிரிக்கும் பூர்ணாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். சாயங்காலம் வந்த விருந்தாளிகளுக்கும் படித்தேன். "போதும்ப்பா, விடுங்க" என்று கிரி கெஞ்சினான். நான் விடவில்லை. நானாக இருந்தால், எண்ணெய் உருகியதைப் பார்த்ததுமே பாட்டிலை மறைத்திருப்பேன். நீ அதை அந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்தாய். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையில் இருப்புக் கொள்ளவில்லை, மங்களம்.

உன் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். கோடை லீவில் இரண்டு பேருமாக வந்து பேத்தியைப் பார்க்கலாம். இப்போதைக்கு நான் திரும்பி வரும் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றியிருக்கிறேன். பொங்கலுக்கு அங்கே இருப்பேன்.

ரசம் சாதத்தை அவ்வளவு சூடாக அடைக்காதே என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்! நீ கேட்கப் போவதில்லை. அதனால் தினமும் உன்னோடு பள்ளிக்கூட வாசல் வரை நானும் வருகிறேன். டிபன் பாக்ஸை நான் தூக்கிக்கொள்கிறேன், நீ எண்ணெயைத் தூக்கிக்கொள்.

உன்
வரதராஜன்