மணல் திட்டில் பிறந்தநாள்

செப். 11, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து கதவு அடித்துக்கொண்டே. மணல் சோற்றுக்குள், தலைமயிருக்குள், இந்தக் கொப்பிக்குள்.

பழைய கொப்பி மழையில் ஊறிப்போச்சு. அதனால் முதலிலிருந்து: எங்கள் பாட்டு பேண்டில் மூன்று பேர். நான் கத்துவது. ஜூட் கிட்டார். ரிஸ்வான் (இனி ரி.) ட்ரம், அதாவது பள்ளிக்கூட பேண்ட் கழித்துப் போட்ட ட்ரம் ஒன்று, பெயின்ட் வாளி இரண்டு. பேஸ் கிட்டாருக்கு ஆள் இல்லை. வந்தவர்கள் எல்லாம் ஒரு நாள் கேட்டுவிட்டு மறுநாள் காய்ச்சல் என்றார்கள். பழகும் இடம், கைவிட்ட இறால் பண்ணையின் மோட்டர் அறை. கூரை பாதி. கரண்ட், ஐஸ் கடையிலிருந்து ஒரு வயர்.

பேர் 'கழுதைகள்'. போன வருடத் திருவிழாவில் இரண்டாவது பாட்டிலேயே கமிட்டிக்காரர் மைக்கைப் பிடுங்கினார். "புத்தளம் டவுன்ல திரியிற கழுதை இதவிட நல்லாக் கத்தும்." அன்றைக்கு வைத்த பேர். பிறகு மற்ற பேண்ட், அந்த வெள்ளிச் சட்டைக்காரர், ஏறி பைலா ஆட்டப்பாட்டுப் போட்டார்கள். சனம் ஆடியது. எங்கள் அம்மாவும் ஆடினா.

சொந்தப் பாட்டு ஏழு. எந்த மேடையிலும் ஏழையும் பாடி முடித்ததில்லை.

இன்றைக்கு ஜூட் பிந்தி வந்தான். "ஒரு ஷோ கிடச்சிருக்கு. பேர்த்டே பார்ட்டி. உச்சமுனைக்கு அங்கால மணல் திட்டுல."

"பைலா கேப்பாங்க," ரி.

"இல்ல மச்சான். எங்கட பாட்டு. ஏழும். எவ்வளவு சத்தமா வேணுமெண்டாலும்."

"யாருக்குப் பேர்த்டே?" நான்.

"போட் வச்சிருக்கிற லக்கி அண்ணன்ட சொந்தக்காரப் பிள்ளைக்கு."

"அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காதோ?" ரி.

சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. ஏழும்!

செப். 14, வெள்ளி

வெயில். ஜும்மா முடிந்துதான் ரி. வந்தான், தொப்பி பொக்கட்டில். ட்ரம் அடிப்பது அவன் வாப்பாவுக்குத் தெரியாது. கராஜில் வேலை பழகுகிறான் என்று நினைக்கிறார். கையில் காய்ப்பு இருப்பதால் நம்புகிறார்.

ஜூட் தலைமயிரை ஒட்ட வெட்டியிருக்கிறான். கேவலம். எனக்குக் கிட்டாரில் மூன்று கோர்ட் பழக்கினான். விரல் நுனி எரிகிறது.

"எனக்கு என்னத்துக்கு இது?"

"எனக்குக் காய்ச்சல் வந்தா?"

பிறகு கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் முன்னால் சாத்தி வைத்தான். யாரும் தொடவில்லை, அது தானாக ஊளையிட்டது. நிற்கவே இல்லை. வெளியில் மேய்ந்த மாடு ஓடிவிட்டது. "முகத்த பெட்டிப் பக்கம் திருப்பி வச்சாச் சரி. ஆள் தேவையில்ல."

அம்மா கருவாடு காயப்போடும் வாடி வேலையிலிருந்து வந்து, என் தொண்டைக்குக் கொத்தமல்லித் தண்ணி அவித்துத் தந்தா. தந்துகொண்டே பேச்சு. "பூசையில ஒரு பாட்டுக்கு வாயத் துறக்கமாட்டாள். கழுதைகளோட மட்டும் கத்துவாள்." ஏ.எல். சோதனைக் கதை எடுக்கவில்லை. அதுவே பெரிசு.

செப். 20, வியாழன்

தெருவில் இன்னொரு வீடு பூட்டு. நாய் மட்டும் வாசலில். "கொழும்புக்குப் போயிட்டாங்க" என்றா பக்கத்து வீட்டு அக்கா.

அம்மா மீன் கழுவிக்கொண்டே, "அவுஸ்திரேலியாவுக்கு இப்ப கொழும்பெண்டுதான் பேர்."

பின்னேரம் லக்கி அண்ணன் நீல வான் வண்டியில் வந்தார். பேர்ஃபியூம் வாசம், இறால் பண்ணை நாற்றத்தையே அடக்கிவிட்டது. ஒரு பாட்டுக் கேட்டார். கேட்டது என்று இல்லை, போனில் கதைத்துக்கொண்டு நின்றார்.

"ஷோக். இடையில மட்டும் நிப்பாட்டக் கூடாது. ஒண்டு முடிய மற்றது. சரித்தானே?"

"எந்தப் பாட்டு முதல்ல வேணும், அண்ணே?"

"எதுவும். சத்தமாப் போடுங்க."

ரி. என் காதுக்குள்: "இந்த மனிசன் ஒரு ரசிகன்டி."

எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. எழுதி வைக்கிறேன்: எங்கள் முதல் ரசிகன்.

செப். 23, ஞாயிறு

காற்றில்லை. பூசைக்குப் போகவில்லை. குரல் இல்லை.

நேற்று. ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்று மணிபோல் திட்டில் இறக்கினார்கள். ஜெனரேட்டர், பெரிய பெட்டி நான்கு, பலூன், கேக். கேக்கில் 'ஹாப்பி பேர்த்டே' மட்டும். பேர் இல்லை. எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

சனம் வந்துகொண்டே இருந்தது, படகு படகாக. எங்கள் ஆட்கள் இல்லை. யாழ்ப்பாணப் பேச்சு, மட்டக்களப்புப் பேச்சு. அந்த வெக்கையில் ஒரு பெண் இரண்டு சட்டை போட்டிருந்தாள், ஒன்றுக்கு மேல் ஒன்று. பிள்ளைகள் முதுகில் ஸ்கூல் பேக். பிறந்தநாளுக்கு யார் ஸ்கூல் பேக்கோடு வருவார்கள்? பார்த்தேன், யோசிக்கவில்லை. என் யோசனை முழுக்க முதல் பாட்டில்.

தொடங்கினோம். 'உப்பு'. பிறகு 'புகைக்கூண்டு'. நல்லாக வந்தது. இதுவரைக்கும் இல்லாத மாதிரி. ஜூட் ஒரு இடமும் பிழைவிடவில்லை. யாரும் ஆடவில்லை. கைதட்டவும் இல்லை. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு கைக்குழந்தை, அவ்வளவு சத்தத்திலும் நித்திரை. என்னமோ குடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறது.

ஐந்தாவது 'அட்டை எங்கே'. செக் பொயின்டில் ஆமிக்காரர் அடையாள அட்டை கேட்பதைத்தான் திருப்பித் திருப்பிக் கத்துவது. அட்டை எங்கே, அட்டை எங்கே. அப்போதுதான் முதல்முறையாகச் சனம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு தாய் பிள்ளையை இழுத்து அணைத்தாள். ஒரு வயதானவர் எழும்பியே நின்றுவிட்டார். எனக்குள் ஒரு சந்தோசம், பிடிபட்டுவிட்டார்கள் என்று. பாட்டு பிடித்திருக்கிறது என்று. அவர்கள் பயந்தார்கள். அவ்வளவுதான். அதைப் பார்த்து நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.

பொழுது சாயச் சாய, லக்கி அண்ணனின் ஆட்கள் பத்துப் பத்துப் பேராக ஏற்றினார்கள். 'போட் ரவுண்ட்' என்றார்கள். படகு போகும், வெறுமையாக வரும். கடலுக்குள் தூரத்தில் ஒரு மீன்பிடி ட்ரோலர், வெளிச்சம் இல்லாமல். எங்கள் முன்னால் இருந்த சனம் பாதியானது. பிறகு கால்வாசியானது. எங்கள் பாட்டுக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று ரி. கண்ணால் சொன்னான். நான் சிரித்தேன்.

ஏழாவது பாட்டின் நடுவில் ஜூட் கிட்டாரைக் கழற்றினான். ஆம்ப் பெட்டியின் முன்னால் சாத்தினான், முகம் பெட்டிப் பக்கம். அது ஊளையிடத் தொடங்கியது. ஜூட் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். கேக் மேசையில் ஒரு துண்டு எடுத்து வாய்க்குள் போட்டான். தண்ணிக்குள் இறங்கி நடந்தான். கடைசிப் படகு.

நான் மைக்கில்தான் அவன் பேரைக் கத்தினேன். அந்த ஊளைக்குள் எனக்கே கேட்கவில்லை. ரி. அடிப்பதை நிப்பாட்டவில்லை. பிறகு சொன்னான், கை தானாக அடித்ததாம்.

ஜூட் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கையைத் தூக்கவில்லை, ஒரு கையில் செருப்பு, மற்றது படகில்.

லக்கி அண்ணன் வந்து கிட்டார் வயரை இழுத்தார். "சரி, பேர்த்டே முடிஞ்சுது."

பின்னேரம். பிலோ அன்ரி வந்தா, ஜூட்டின் அம்மா. "அவன் உங்கட வீட்டதான் படுத்தவனோ?" சொல்லவேண்டி வந்தது. நின்ற இடத்திலேயே இருந்துவிட்டா. பிறகு, "சாப்பிட்டுட்டோ போனவன்?"

"கேக் சாப்பிட்டவன், அன்ரி."

"கேக்," என்றா.

அக். 9, செவ்வாய்

மழை இருட்டு. அந்த ட்ரோலர் பதினைந்து நாளில் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பதினைந்து முடிந்தது. போன் இல்லை.

பிலோ அன்ரி போனைக் கையிலேயே வைத்திருக்கிறா. மீன் வெட்டும்போதும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில். கடையில் மிஸ்ட் கோல் வந்தால் முழுக் கடையும் அவவைப் பார்க்கிறது.

பொலிசுக்குச் சொல்லுவோம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டா. "வேணாம் மகள். அவன் போய்ச் சேந்திருந்தா? எங்கட வாயால திருப்பி அனுப்பிடுவாங்க."

ரி. இறால் பண்ணைக்கு வருவதில்லை. றோட்டில் கண்டேன். அவன் உம்மாவிடம், இந்த ஊருக்கு வந்தது எண்பத்தாறிலோ தொண்ணூறிலோ என்று கேட்டால் சிரிப்பாவாம், "தொண்ணூறு மகன், மறக்கிற வருசமா அது." மன்னாரிலிருந்து முஸ்லிம் சனத்தைத் துரத்தினபோது படகில்தான் கல்பிட்டிக் கரைக்கு வந்தவ, ஒரு உடுப்புப் பையோடு. அதே உம்மா ஜூட்டுக்காக நோன்பு பிடிக்கிறாவாம்.

"அவன் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"இல்ல."

"அப்ப?"

அக். 21, ஞாயிறு

மழை. ஊர்க் கதைகள்:

ஒரு போட் போய்ச் சேர்ந்ததாம். எந்தப் போட், தெரியாது.
ஒன்றை நேவி திருப்பிக் கொண்டுவந்ததாம். அதில் ஜூட் இல்லை, விசாரித்தாயிற்று.
மதுரங்குளியில் ஒரு கடைக்காரர், இன்னொரு போட்டில் மகன் போனவர், இரவில் எழும்பி வாசல் கேற்றைத் திறந்து வைக்கிறாராம்.
ஒன்று எஞ்சின் பழுதாகி மிதக்கிறதாம். எஞ்சின் என்றால் ஜூட் திருத்துவான். இதைக் கேட்டபின் கொஞ்சம் சாப்பிட்டேன்.

பலகைத் துண்டில் விரல் வைத்துப் பழகி, மூன்று கோர்டும் இப்போது வருகிறது. மாற்றும்போது மட்டும் இழுக்கிறது. யாருக்குக் காட்ட?

அக். 30, செவ்வாய்

நீல வான். இறால் பண்ணைக்கே வந்துவிட்டார். ரி.யும் இருந்தான், வாளிகளை எடுத்துப்போக வந்தவன்.

"சனிக்கிழம இன்னொரு பேர்த்டே. அதே இடம்."

"ஜூட் எங்க?" என்றேன்.

"போய்ச் சேந்துட்டாங்க, எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க." போனைப் பார்த்துக்கொண்டே. பிறகு தலையைத் தூக்கி, "எந்த ஜூட்?"

"கிட்டார்."

"ஆ, கிட்டார்! அவன்ட டிக்கட் காசில பாதி உங்கட சத்தம்தானே. அவன்தானே பேசி முடிச்சது." என் முதுகில் தட்டினார். "அந்தக் கடைசில ஊள விட்டது, அது ஷோக். எஞ்சின் சத்தம் ஒண்டும் நேவிக்குக் கேக்கல. அத இந்த முறையும் போடுங்க."

என் வாய்க்குள் உப்பு. நாக்கைக் கடித்துவிட்டேன் போல.

எங்களைத்தான் கொடுத்து ஏறியிருக்கிறான். ஏழு பாட்டையும். நாய். உயிரோடு இரு, நாயே. உனக்கு நான் அடிக்க வேண்டும்.

ரி. "நாங்க வரல்ல" என்றான்.

"பரவால்ல. வெள்ளிச் சட்டைக்காரங்க வருவாங்க."

நான்: "இல்ல. நாங்க வாறம்."

வான் போனபின் ரி. வாளியைக் காலால் உதைத்தான். "விசராடி உனக்கு?"

"மைக் என்ட கையில இருக்கும்."

ரி. கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். "ஜெனரேட்டர நிப்பாட்டுவான்."

"ஓடிப்போய் நிப்பாட்ட எவ்வளவு நேரம்? ஒரு வசனம் சொல்லலாம்."

"திரும்பி வாற போட்டும் அவன்டதான்."

"நீந்துவம்."

"எனக்கு நீந்தத் தெரியாது." வாளியை எடுத்துத் திருப்பி வைத்தான். அதே இடத்தில்.

நவ. 2, வெள்ளி

தூறல். பிலோ அன்ரி வீடு. அன்றைக்குத் திட்டிலிருந்து நாங்கள் கொண்டுவந்து கொடுத்த கிட்டார் அங்கே, பெட்சீட்டால் மூடி, ஜூட்டின் கட்டிலில் ஆள் படுத்த மாதிரி.

"லக்கி என்ன சொன்னான்?"

"போய்ச் சேந்துட்டாங்களாம்."

"நீ நம்புறியா?"

நாளைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்பா என்று நினைத்தேன். போனை இடுப்பிலிருந்து எடுத்துப் பார்த்தா, திருப்பிச் சொருகினா.

"பேரச் சொல்லாத. பேரச் சொன்னா அவன அங்க பிடிச்சிருவாங்க."

"சரி."

"தாய்மார் பக்கம் பாத்துச் சொல்லு."

பெட்சீட்டை உரித்துக் கிட்டாரைத் தந்தா. கம்பி எல்லாம் துரு. எண்ணெய் பூசினோம், இரண்டு பேருமாக, தேங்காயெண்ணெய்.

நவ. 3, சனி

வெயில். கடல் தட்டை. போகிறவர்களுக்கு நல்ல கடல்.

எடுக்க: கிட்டார். வயர் 2. மைக். ரி.க்கு மிதக்க சின்ன டயர் டியூப் ஒன்று, காற்றடித்து, வாளிக்குள் ஒளித்து. அவன் சிரிக்கவில்லை.

முதல் பாட்டிலேயே சொல்ல வேண்டும். கடைசி வரைக்கும் வைத்திருந்தால் பாதிப் பேர் ஏறியிருப்பார்கள். கிட்டாரைப் பெட்டிப் பக்கம் திருப்பக் கூடாது. என்ன நடந்தாலும் ஊளை வரக் கூடாது. கேட்க வேண்டும்.

வசனம் இதுதான். நூறுமுறை சொல்லிப் பார்த்தேன், அம்மா செபம் சொல்கிறேன் என்று நினைத்தா:

இந்தக் கரையில போன மாதத்துக்கு முந்தின மாதம் ஏறின ஆக்களிட்ட இருந்து இன்னும் ஒரு போன்கூட வரல்ல.

ஜூட்டுக்கு யாராவது சொல்லியிருந்தாலும் ஏறித்தான் இருப்பான். தெரியும். அவன் ஏறுவான். ஆனால் அந்த இரண்டு சட்டைக்காரி? அந்தக் குழந்தையின் தாய்?

தெரியாது.

அம்மா கொத்தமல்லித் தண்ணி போத்தலில் தந்தா. "இண்டைக்கு எத்தின பாட்டு?"

"ஒண்டு."

"ஒண்டுக்கோ இவ்வளவு தூரம்?"

வான் வந்துவிட்டது. ஹோர்ன் அடிக்கிறான்.